பூட்டிய வீட்டை என்ன செய்வது: செட்டிநாட்டில் எங்கள் முன் இருக்கும் வழிகள்

கடந்த தை மாதம் ஒரு விடுதி நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் எங்கள் ஊர் வீட்டைப் பார்க்க வந்தார்கள். முகப்பு, நடுமுற்றமான வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று பின்வாசல் வரை அளந்தார்கள். மூன்று வாரம் கழித்து, வீட்டைக் குத்தகைக்கு எடுத்தால் எப்படி மாற்றுவார்கள் என்று வரைந்து ஒரு படம் அனுப்பினார்கள். முகப்புச் சுவர் முழுக்கக் காவி நிறம். வாசலில் ஒரு மாட்டுவண்டி. வளவில் ஊஞ்சல். முகப்பின் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பதித்திருந்த ஜப்பான் பீங்கான் ஓடுகளைக் காணவில்லை. அந்த இடத்தில் மண்சுவர் போலத் தோன்றும் ஒரு பூச்சு. ஓரத்தில் குறிப்பு: 'இந்த ஓடுகள் பழமைத் தோற்றத்துக்கு ஒத்துவரவில்லை.'

பெரியப்பா அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "தம்பி, வீடு குடிபுகுந்த அன்றைக்கு ஐயா வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டியதே இந்த ஓட்டைத்தான்" என்றார்.

அன்றிலிருந்து ஒன்பது புள்ளிகளும் பேசிக்கொண்டிருக்கிறோம். நகரத்தார் வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருமணமான ஒவ்வோர் ஆண்மகனின் குடும்பமும் ஒரு புள்ளி. கோயில் வரி, வீட்டுப் பங்கு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்குக் கொடுக்கும் பணம் எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். எங்கள் வீட்டில் ஒன்பது புள்ளி என்றால் ஒன்பது கையெழுத்து இல்லாமல் ஒரு கதவைக்கூடக் கழற்ற முடியாது. அப்பத்தா மறைந்த பிறகு வீட்டில் யாரும் நிரந்தரமாக இல்லை. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம். எங்களைப் போன்ற நிலையில் செட்டிநாட்டின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களிலும் குடும்பங்கள் இருப்பதால், நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

முதலில், எதைக் கெடுக்கக்கூடாது என்பதில் தெளிவு வேண்டும். நான் எல்லா வழிகளையும் அதை வைத்துத்தான் அளக்கிறேன்.

எங்கள் ஐயா 1930களில் இந்த வீட்டைக் கட்டியபோது பழைய வீடு கட்டவில்லை. அன்றைக்குக் கிடைத்தவற்றில் புதியது எதுவோ அதைத் தேடிக் கட்டினார். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, இங்கிலாந்திலிருந்து வந்த இரும்பு உத்தரம், ஜப்பான் ஓடு. இவை வந்திறங்கிய தெருவில் அடித்தளத்துக்குச் செம்புறாங்கல்லும், சுவருக்குச் சுண்ணாம்புக் காரையும், தரைக்கு ஆத்தங்குடிக் கல்லும் உள்ளூரிலிருந்தே வந்தன. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த மனிதர் தான் பார்த்த உலகத்தைத் தன் ஊரில் கொண்டுவந்து நிறுத்தினார். அதனால்தான் இப்பக்கத்து வீடுகளின் முகப்பில் கஜலட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்ச் சுதை நிற்கிறது. 1930களிலும் 40களிலும் கட்டிய வீடுகள் பலவற்றில் பம்பாய்க் கட்டடங்களைப் போன்ற வளைவுகளும் நேர்கோட்டு வேலைகளும் இருக்கின்றன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது ஐயா எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பினார். அதன்பின் வீட்டில் ஓர் ஆணிகூடப் புதிதாக ஏறவில்லை. அவர் வாழ்ந்த காலத்தின் கடைசிக் கணக்கு அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது.

இந்த வீட்டுக்குக் காவி பூசி, ஜப்பான் ஓட்டைப் பெயர்த்து, மாட்டுவண்டி நிறுத்தினால், அது ஐயாவின் வீடாக இருக்காது. தமிழ்நாட்டுக் கிராமம் என்றால் இப்படித்தான் என்று வருகிறவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் படம்தான் அது. பழமை கூடியதுபோலத் தோன்றும், வரலாறு குறைந்துபோயிருக்கும்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரம் 1912இல் ஒரு திட்டம் வகுத்தது. அதன்பின் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செங்கல் கட்டடங்கள் மண்வீட்டுத் தோற்றத்துக்கு மாறத் தொடங்கின. 1957இல் அந்தத் தோற்றமே சட்டமாயிற்று. இன்று அங்கே எது பழையது, எது பழையதுபோல் பூசியது என்று பார்த்த கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரான்சின் கார்க்கசோன் கோட்டையை 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த வியோலே லெ டுக், தென்பிரான்சின் தாழ்ந்த ஓட்டுக் கூரைக்குப் பதிலாக வடக்கே வழங்கும் கூர்மையான கூம்புக் கூரைகளைக் கோபுரங்களில் வைத்தார். படக்கதையில் வரும் கோட்டைபோல அது அழகாகவே இருக்கிறது. அந்த அழகு அந்த மண்ணுடையதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சீனாவின் லிஜியாங் கதை வேறு. 1997இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு அங்கே கட்டடங்கள் நின்றன, மக்கள் போய்விட்டார்கள். நாசி இனத்தவர் வீடுகளை வெளியூர் வணிகர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புதிய நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். பழைய தெருக்களில் வரிசையாக நினைவுப்பொருள் கடைகள். நம்மவர்களுக்கு நெருக்கமான உதாரணம் பினாங்கு. ஐயாவின் கடை இருந்த ஜார்ஜ் டவுனில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நீங்கியது. தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது. கடைவீடுகள் பல இன்று தங்குவிடுதிகள், காபிக்கடைகள்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. நாளைக்கு இங்கே கூட்டம் பெருகினால் இவற்றில் எந்த வழியில் நாம் போவோம் என்பதை இப்போது நாம் போடும் கையெழுத்துகள்தான் தீர்மானிக்கும்.

இனி வழிகள்.

பிரித்து விற்பது. இதை நீட்டிப் பேச எனக்கு மனமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்துபாருங்கள். கதவு நிலைகள், தூண்கள், சூரியப்பலகைகள், எனாமல் பாத்திரங்கள், மாட்டிய ஆணியின் தடம் மாறாத கடவுள் படங்கள். கடைக்காரர்கள் மீது எனக்குக் குறை இல்லை. விற்கிறவர் இருப்பதால் வாங்குகிறார்கள். வறுமையில் விற்ற குடும்பங்களையும் எனக்குத் தெரியும். ஆனால் கணக்குப் பார்த்தாலும் இது நட்டம்தான். ஒன்பது பங்காகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் வருவது ஓர் ஆண்டுச் செலவுக்குக் காணாது. நிலை போனபிறகு நிற்பது வெறும் செங்கல். அந்த நிலை எங்கோ ஒரு நகரத்து உணவகத்தின் வரவேற்பறையில், எந்த அறைக்கும் வழிவிடாமல் சுவரில் சாய்ந்து நிற்கும். போலிப் பழமைக்கு மூலப்பொருளே இப்படி உடைந்த உண்மையான வீடுகள்தான்.

பூட்டியே வைப்பது. "எதையும் செய்யாமல் இருந்தால் எதுவும் கெடாது" என்று எங்கள் பங்காளிகளில் இருவர் சொல்கிறார்கள். அவர்கள் கூரை மேங்கோப்பில் ஏறிப் பார்த்ததில்லை. நாட்டு ஓடு அடுக்கு அடுக்காகப் படிந்து நிற்பது. குரங்கு ஒன்று ஓடினால் நான்கு ஓடு நகரும். நகர்ந்த இடத்தில் ஐப்பசி மழை இறங்கும். வளவின் நான்கு சரிவும் சந்திக்கும் கூடல்வாய்தான் முதலில் போகும். தேக்கைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் ஈரம் நின்றால் தேக்கும் நைந்துபோகும். சுவர் வெடிப்பில் அரசமரக் கன்று முளைத்தால் வேரோடு எடுப்பதற்குள் சுவரே பிளந்துவிடும். ஆள் நடமாடும் வீட்டில் இதெல்லாம் ஒரே நாளில் கண்ணில் படும். பூட்டிய வீட்டில் அடுத்த படைப்புக்கு வரும்போதுதான் தெரியும். பூட்டி வைப்பதும் விற்பதைப் போலத்தான், கொஞ்சம் மெதுவாக நடக்கும் என்பது மட்டுமே வேறுபாடு.

புதிதாகக் கட்டுவது. சித்தப்பா மகன் சொல்லும் யோசனை இது. வீட்டைத் தொடவேண்டாம், திருச்சி சாலையோரம் குடும்ப நிலம் இருக்கிறது, அங்கே 'செட்டிநாட்டுப் பாணியில்' ஒரு விடுதி கட்டி, வரும் பணத்தில் வீட்டைப் பராமரிக்கலாம் என்கிறான். கேட்டதும் நான் கோபப்பட்டேன். யோசித்தபிறகு அந்தக் கோபம் முழுக்க நியாயமில்லை என்று தெரிந்தது.

புதிய கட்டடத்தால் யாரும் வெளியேற வேண்டியதில்லை. குளியலறைக்காகப் பழைய சுவரை உடைக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏறச் சாய்தளம் வைக்கலாம். எங்கள் வீட்டு நிலைப்படிகளில் அது நடக்காது. எல்லாவற்றையும்விடக் கைவேலை தெரிந்தவர்களுக்கு வேலை கிடைக்கும். ஆத்தங்குடியில் கல் செய்கிறவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார். அச்சைத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பது கைப்பழக்கம். மேலே காய்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் பரப்பி மட்டம் செய்கிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். கண்ணாடி தானாகக் கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடுகிறது. சூளையும் இல்லை, மெருகு பூசுவதும் இல்லை. மெருகு வீட்டில் நடமாடும் கால்களால் ஏறும். இந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் புதிய கட்டடங்களும் வேண்டும்.

ஆனால் தம்பி காட்டிய மதிப்பீட்டில் தரைக்கு எழுதியிருந்தது ஆத்தங்குடிக் கல் அல்ல. அதன் பூவேலையை மெஷினில் அச்சிட்ட பீங்கான் டைல்ஸ். செலவு குறைவு, கறை படியாது. தூண்கள் கான்கிரீட், அதன்மேல் மரநிறம். இங்கேதான் எங்கள் பேச்சு முறிந்தது. நான் சொன்னது மூன்றே நிபந்தனை. கட்டுவதை உண்மையான பொருளில் கட்டு. கைவேலைக்காரர் கையில் பணம் போகட்டும். வாசலில் கட்டிய ஆண்டை எழுதிவை. முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கும் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று நிற்கிறது. இடம்பெயர்த்துக் கொண்டுவந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். அங்கே நடக்கிறவர் யாரும் ஏமாறுவதில்லை, மனம் நிறைந்துதான் திரும்புகிறார். புதியது புதியதென்று சொல்லிக்கொண்டு நிற்பதில் எந்தக் குறையும் இல்லை.

நீண்டகாலக் குத்தகை. படம் அனுப்பிய நிறுவனம் கேட்பது 20 ஆண்டு. பணம் என்று பார்த்தால் எல்லா வழிகளையும்விட இதுதான் வலிமையானது. கூரை ஓட்டு வேலை முழுவதையும் அவர்களே செய்வார்கள். எங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. ஊரில் சிலருக்குச் சம்பளம் கிடைக்கும். பழைய வீடு விடுதியானால் கெட்டுப்போகும் என்றும் சொல்ல முடியாது. காரைக்குடி பங்களா, கானாடுகாத்தான் விசாலம், இரண்டு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர்கள் புதுப்பித்த கொத்தமங்கலம் சாரதா விலாஸ் என்று இங்கேயே பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவற்றைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்று யாருக்கும் சொல்வேன்.

சிக்கல் ஒப்பந்தத்தின் சின்ன வரிகளில் இருக்கிறது. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. சிறிய அறை, வெளிச்சம் குறைவு. திருமணமானவர்களின் சீர்ச் சாமான்கள் இருக்கும் இடம். இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்து ஒன்றைக் குளியலறையாக்குவது அவர்கள் திட்டம். அந்தச் சுவர் போனால் பங்கின் அடையாளமே போகிறது. தண்ணீர்க் குழாய் சுண்ணாம்புச் சுவருக்குள் புகுகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை இழுத்து, வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ ஈரம் உள்ளே சிக்கிக்கொள்ளும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்து எடுத்த மெருகு, சில மழைக்காலங்களில் தோல்போல உரியும். தோற்றத்துக்காக அடிக்கும் காவியின் விலை அது.

இன்னொன்று படைப்பு. முன்னோருக்கு இந்த வீட்டுக்குள் சமைத்து, இந்த வீட்டுக்குள் படைக்கவேண்டும். நிறுவனம் 'ஆண்டுக்கு 2 நாள், 90 நாள் முன்னறிவிப்புடன்' என்று எழுதியிருந்தது. பங்காளி வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தால் 90 நாள் முன்னால் யார் அறிவிப்பது? அப்பத்தாவை வளவில் கிடத்தித்தான் கடைசியாகப் பார்த்தோம். அந்த வளவில் எங்களுக்கு விருந்தினர் அனுமதி தேவைப்படும் நாள் வந்தால், மற்ற எல்லாம் அசலாக இருந்தும் வீடு காட்சிப்பொருள்தான்.

நாமே சில அறைகளை நடத்துவது. வருமானம் குறைவு. உழைப்பு அதிகம். விடுதி நடத்துவது வேறு வித்தை. பாசம் மட்டும் இருந்தால் போதாது. ஆனால் வளவையும் சாமி அறையையும் தொடாமல், மேல்தளத்தில் 4 அறைகளை மட்டும் விருந்தினருக்குத் திறந்து, குளியலறைகளைப் பின்கட்டில் தனியாகக் கட்டலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் அவற்றை இடித்துவிட்டாலும் வீட்டுக்குக் காயம் இருக்காது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் மூன்று தலைமுறையாக எங்களுடன் இருக்கிறது, அவர்கள் வெளியேறவேண்டாம். சாப்பாடும் ஊர்ச் சாப்பாடாக இருக்கும். மிளகாயும் எண்ணெயும் மிதக்கும் ஒரு குழம்புக்குச் 'செட்டிநாடு' என்று பெயர்வைத்து உலகம் முழுவதும் விற்கிறார்கள். வருகிறவருக்கு வெள்ளைப் பணியாரமும், வெண்டைக்காய் மண்டியும், கும்மாயமும், கவுனி அரிசியும் வைக்கலாம். கவுனியும் பர்மாவிலிருந்து வந்தது என்று சொன்னால், ஜப்பான் ஓடு ஏன் சுவரில் இருக்கிறது என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

இந்த வழிக்குத் தடை ஒன்றுதான்: யார் இருப்பது? வங்கியில் ஓய்வு பெற்ற பெரியப்பா மகனும் அண்ணியும் முதலில் ஆறு மாதம் தங்கிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். அண்ணி கேட்டது நல்ல அடுப்படி, வேலைக்கு இரண்டு பேர், ஒன்பது புள்ளியும் ஆளுக்கொரு யோசனையைத் தொலைபேசியில் சொல்லாமல் இருப்பது. மூன்றும் நியாயமானவை.

என் எண்ணத்தை வெளிப்படையாகவே பங்காளிகளுக்கு எழுதிவிட்டேன். மூன்று ஆண்டு நாமே நடத்திப் பார்ப்போம். ஓட்டு வேலைக்குப் புள்ளிவரி போட்டுக்கொள்வோம். முடியவில்லை என்றால் குத்தகைக்கு விடலாம். ஆனால் நம் நிபந்தனையில், 20 ஆண்டுக்குப் பதில் 9 ஆண்டுக்கு. சிமெண்ட் பூச்சு கூடாது. நடுச்சுவர் இடிக்கக்கூடாது. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சுவரையும் தரையையும் படமெடுத்து ஒப்பந்தத்தோடு இணைக்கவேண்டும். துக்கத்துக்கும் படைப்புக்கும் வீடு எங்களுடையது, முன்னறிவிப்பு கிடையாது. இந்த வீட்டில் ஒருபோதும் இல்லாத எதையும் இருந்ததாகக் காட்டக்கூடாது. ஐயாவின் வாசலில் கடைசியாக நின்றது மோட்டார் கார், வண்டி அல்ல. வளவில் ஊஞ்சல் இருந்ததில்லை, அங்கே மணவறை போடவேண்டும்.

பழுதுபார்ப்பதற்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தின் 12ஆவது பிரிவு சொல்வது இது: இழந்துபோன பகுதிக்குப் பதில் வைப்பது முழுமையோடு இசைந்துபோகவேண்டும், அதே சமயம் அசலிலிருந்து பிரித்தறியவும் முடியவேண்டும். எங்கள் முகப்பில் ஜப்பான் ஓடு 11 இடங்களில் உதிர்ந்திருக்கிறது. அதேபோல அச்சடித்து ஒட்டித் தருவதாக ஒருவர் மாதிரி காட்டினார், வேண்டாம் என்றேன். அந்த இடங்களில் ஓட்டின் அடிநிறத்துக்கு நெருக்கமான வெறும் சுண்ணாம்புப் பூச்சு போதும் என்று கொத்தனாரும் நானும் முடிவு செய்திருக்கிறோம். எது போனது, எது நின்றது என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும்.

ஒன்பதில் ஆறு கையெழுத்து வந்துவிட்டது. பூட்டி வைக்கச் சொன்ன இருவரையும் அடுத்த வாரம் மேங்கோப்புக்கு அழைத்துப் போகிறேன். தம்பி தன் மதிப்பீட்டில் தரையை மட்டும் ஆத்தங்குடிக் கல்லுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறான். தூண்களைப் பற்றி இன்னும் பேசவேண்டும். ஓடு வேய்கிற ஆட்கள் ஆவணியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் கூடல்வாய் நான்கும் முடிந்துவிடவேண்டும்.